பெயர் மட்டும் போதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிற்சில திருத்தங்களுடன்.)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்பதால், "சீக்கிரம் முடிச்சா கைதட்டு கிடைக்கும், இல்லேன்னா சாம்பார் வாசனைதான் ஜெயிக்கும்" என்று செயலாளர் காதில் சொல்லித்தான் அனுப்பினார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கல்லூரியில் படித்து, ராணுவத்தில் சேர்ந்து, திரும்பி வராமல் போனவர்களுக்கு வளாகத்தில் ஒரு நினைவுக்கல் வைப்பது என்று போன பொதுக்குழுவில் தீர்மானித்தோம். நான் சிவில் படித்தவன். வேலை ஓசூர்ப் பக்கம் ஒரு கிரானைட் தொழிற்சாலையில். கல்லை அறுப்பதும் இழைப்பதும்தான் என் பிழைப்பு. "கல்லைப் பத்தித் தெரிஞ்சவன் நீதானேப்பா" என்று என்னையும் குழுவில் போட்டுவிட்டார்கள்.

பழைய பதிவேடுகளைத் தேடியதில் இதுவரை மூன்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஒருவர் 1971 போரில் மறைந்தவர். இன்னொருவர் 1987-இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். மூன்றாமவர் எல்லையில் பனிச்சரிவில் சிக்கி இறந்தவர். மூவரின் வீட்டாருக்கும் சம்மதம் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை மேடையிலும் மலரிலும் அவர்கள் பெயரைச் சொல்வதாக இல்லை.

எந்தக் கல், என்ன அளவு என்று பேசத்தான் குழு கூடியது. கல்லைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. மூன்று சிக்கல்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

முதல் சிக்கல் பணம். நம் சீனியர் ஒருவர், நல்ல மனசுக்காரர், முழுச் செலவையும் தானே ஒரே செக்காகத் தருகிறேன் என்கிறார். தன் தகப்பனார் பெயர் கல்லின் கீழே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். இரண்டாவது, இலங்கைக்குப் போனவரின் பெயர். "அந்தப் போர் என்ன போர் சார்? தமிழன் மேல நடந்த போர் இல்லையா? அதுக்குக் கல்லா?" என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது, பனிச்சரிவில் இறந்தவர். "அது விபத்துதானே, வீரமரணம் ஆகுமா?" என்றார் இன்னொருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனாலும் கூட்டம் முடியும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இதே மூன்று கேள்விகளையும் நம்மைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய அளவில் சந்தித்து, பதிலும் கண்ட ஒரு கல் இருக்கிறது. அது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் வீரர் நினைவுச் சுவர். அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அந்தச் சுவரின் கல் நம் பக்கத்து வீட்டுக் கல். பெங்களூர்ப் பகுதியிலிருந்து போன கறுப்பு கிரானைட்.

அமெரிக்கா நடத்திய போர்களில் ஜனங்களை இரண்டாகப் பிளந்த போர் வியட்நாம் போர். போர் தவறு என்று லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். போய்த் திரும்பிய சிப்பாய்க்கு ஊரில் மாலையும் இல்லை, மேளமும் இல்லை. போரை ஆதரித்தவர்களுக்கு அவன் தோற்றவன், எதிர்த்தவர்களுக்கு அவன் குற்றவாளி. வயதோ இருபது, இருபத்திரண்டு.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் ஜான் ஸ்க்ரக்ஸ். காலாட்படையில் சாதாரண கார்ப்பரல். 1969-இல் போரில் காயம்பட்டவர். பிறகு வாஷிங்டனில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. 1979 மார்ச்சில் வியட்நாம் போரைப் பற்றிய ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தவருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. செத்துப்போன கூட்டாளிகளின் முகம் ஒவ்வொன்றாக வந்துபோனது. காலையில், "எல்லோர் பெயரையும் பொறித்து ஒரு நினைவுச் சின்னம் கட்டப்போகிறேன்" என்று மனைவியிடம் சொன்னாராம். ஒரு நிலத்தை விற்ற காசு 2,800 டாலர் கையில் இருந்தது. அதுதான் முதல் முதலீடு. ஏப்ரலில் ஒரு நிதிச் சங்கத்தைப் பதிவு செய்து, மே மாதம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார். ஜூலை 4 வரை வசூலான தொகை எவ்வளவு தெரியுமா? 144 டாலர் 50 சென்ட்! தொலைக்காட்சிச் செய்தியிலேயே அது வந்து, கேலிப் பொருளாகிவிட்டது.

மனிதர் விடவில்லை. இன்னும் சில முன்னாள் வீரர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் முதலிலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். அரசாங்கத்திடம் இடம் மட்டும் கேட்போம், காசு ஜனங்களிடம் கேட்போம் என்பதுதான் அது. 1980 ஜூலையில் லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்தில் நிலம் ஒதுக்கிச் சட்டம் ஆயிற்று. வீடு வீடாகக் கடிதம் போனது. பிள்ளையை இழந்த தாய்மார்கள், முன்னாள் வீரர்கள், தொழிற்சங்கங்கள், நிறுவனங்கள், ஊர்ச் சங்கங்கள் என்று பலரும் அனுப்பினார்கள். போரை எதிர்த்தவர்களும் கொடுத்தார்கள். கடைசியில் 2,75,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சேர்ந்த தொகை 84 லட்சம் டாலர். ஏளனம் செய்யப்பட்ட 144 டாலர் மூன்றே ஆண்டில் அங்கே போய் நின்றது.

அடுத்தது வடிவம். பெயர்பெற்ற சிற்பி ஒருவரைப் பிடித்து, "நல்லா செஞ்சு குடுங்க" என்று விட்டுவிடவில்லை. நாடு தழுவிய போட்டி வைத்தார்கள். நிபந்தனைகள் நான்கு. பார்ப்பவரை நின்று சிந்திக்க வைக்கவேண்டும். சுற்றுப்புறத்தோடு இசைய வேண்டும். இறந்தவர், காணாமல் போனவர் அத்தனை பேரின் பெயரும் இருக்கவேண்டும். போர் சரியா தவறா என்று எந்த அரசியலும் பேசக்கூடாது. 1,421 வடிவங்கள் வந்தன. எதிலும் அனுப்பியவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நம் பரீட்சைத்தாள் மாதிரி! எட்டு நடுவர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த எண் 1026.

உறையைப் பிரித்துப் பார்த்தால், மாயா லின் என்கிற 21 வயதுப் பெண். சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவி. வகுப்பில் கொடுத்த வேலையாகச் செய்த வடிவத்தைத்தான் போட்டிக்கு அனுப்பியிருந்தார். அதற்கு வகுப்பில் கிடைத்த கிரேடு 'பி'. அதே போட்டியில் அவருடைய பேராசிரியரும் கலந்துகொண்டு தோற்றார் என்பது உபரிச் செய்தி. ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்கவேண்டும், இங்கே யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

அந்த வடிவம் என்ன? பீடம் கிடையாது, குதிரை கிடையாது, வாள் கிடையாது. தரையைச் சற்றே வெட்டித் திறந்து, மண்ணுக்கு அணைகொடுத்தாற்போல் இரண்டு கறுப்புச் சுவர்கள். ஒவ்வொன்றும் 246 அடி 9 அங்குல நீளம். இரண்டும் சந்திக்கும் மூலையில் உயரம் பத்து அடிக்குச் சற்று மேல். அங்கிருந்து இரு பக்கமும் சரிந்து சரிந்து, கடைசியில் சில அங்குலத்தில் தரையோடு தரையாகிவிடும். நடக்க ஆரம்பிக்கும்போது கணுக்கால் அளவு இருக்கும் சுவர், போகப்போக நம் தலைக்கு மேல் போய்விடும். ஒரு சுவர் லிங்கன் நினைவகத்தைக் காட்டும், மற்றது வாஷிங்டன் நினைவுத் தூணைக் காட்டும்.

சிவில்காரர்களுக்காக ஒரு வரி. அடியில் 140 கான்கிரீட் பைல்கள், சுமார் 35 அடி ஆழம். மேலே நிற்கும் கல் பாளங்களின் கனம் மூன்றே அங்குலம். எழுத்தின் உயரமோ அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இத்தனை பெயரையும் உளி பிடித்து வெட்டினால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே புகைப்பட முறையில் எழுத்தைக் கல்லின் மேல் படியவைத்து, துகள் பீச்சி அரித்து எடுத்தார்கள். கல் பெங்களூரிலிருந்து போனது, பாளமாக அறுத்தது வெர்மான்ட் மாநிலத்தில், எழுத்துப் பொறித்தது டென்னசியில்.

ஏன் கறுப்பு? ஏன் அந்தப் பளபளப்பு? இது என் தொழில் என்பதால் சொல்கிறேன். நாங்கள் கறுப்பு கிரானைட் என்று விற்பதைப் புவியியல்காரர்கள் கிரானைட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது டோலரைட், காப்ரோ வகை. மணி நெருக்கமாக இருப்பதால் இழைக்க இழைக்கக் கண்ணாடி ஆகிவிடும். பெயரைப் படிக்க நிற்கிறவருடைய முகமும் அந்தப் பெயரின் மேல் தெரியும். மாயா லின் கேட்டது அதைத்தான். செத்தவர் பெயரும் இருப்பவர் முகமும் ஒரே கல்லில்.

பெயர்களை அகர வரிசையில் போடலாமே என்றார்கள். எடுத்துப் பார்த்தால் ஸ்மித் மட்டும் 600-க்கும் மேல், ஜேம்ஸ் ஜோன்ஸ் 16 பேர்! நம் ஊரில் எஸ். முருகன் என்று போட்டால் எந்த எஸ். முருகன்? டெலிபோன் டைரக்டரி மாதிரி ஆகிவிடும். எனவே வீழ்ந்த நாள் வரிசையே நின்றது. 1959-இல் வீழ்ந்தவர் பெயர் நடு மூலையில் உச்சியில் தொடங்கும். வலப்பக்கம் கடைசி வரை ஓடி, இடப்பக்கக் கடைசியிலிருந்து மறுபடி நடுவை நோக்கி வந்து, 1975-இல் அதே மூலையில் அடியில் முடியும். ஒரே நாளில் ஒன்றாகச் செத்த கூட்டாளிகள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். பதவி, பட்டம், படைப்பிரிவு எதுவும் கிடையாது. கர்னலும் சிப்பாயும் ஒரே அளவு எழுத்து.

சண்டை வராமல் இருக்குமா? வந்தது. கறுப்பு அவமானத்தின் நிறம் என்றார்கள். மற்ற நினைவகமெல்லாம் வெள்ளையாக மேலே நிற்க, இது மட்டும் ஏன் மண்ணுக்குள் என்றார்கள். வடிவமைத்த பெண்ணின் ஆசிய முகத்தையும் சிலர் விடவில்லை. போட்டி நடத்தவே 1,60,000 டாலர் கொடுத்த கோடீஸ்வரர் ராஸ் பெரோ, முடிவு பிடிக்காமல் எதிர்ப்பணியில் சேர்ந்தார். உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் அனுமதியை நிறுத்திவைத்தார். கடைசியில் சமரசம் ஆயிற்று. கொடிக்கம்பமும் மூன்று வீரர்களின் சிலையும் சற்றுத் தள்ளி வைக்கலாம், சுவரைத் தொடக்கூடாது. 1982 மார்ச்சில் வேலை தொடங்கி, அதே ஆண்டு நவம்பர் 13-இல் திறந்தார்கள். அன்று பொறித்திருந்த பெயர்கள் 57,939. பிறகு சேர்க்கப்பட்டவர்களோடு இன்று 58,000-ஐத் தாண்டுகிறது. ஃபிரடெரிக் ஹார்ட் செய்த வீரர் சிலை 1984-இல் வந்தது. போருக்குப் போன நர்ஸ்களை யாரும் நினைக்கவில்லையே என்று டயேன் கார்ல்சன் எவன்ஸ் என்கிற முன்னாள் ராணுவ நர்ஸ் பத்தாண்டு போராடி, பெண்களுக்கான சிலை 1993-இல் வந்தது.

நான் அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறேன். 2016-இல் கம்பெனி வேலையாகப் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கல்காரன் புத்தி, முதலில் பாளத்தின் இணைப்பையும் பாலிஷையும்தான் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்தில் ஒரு பெரியவரைக் கவனித்தேன். ஒரு காகிதத்தைப் பெயர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுத்து காகிதத்தில் ஏறியது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கல்லில் ஊன்றி அப்படியே நின்றார். அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. சுவரடியில் பூவும் கடிதமும் பழைய பூட்ஸும் வைத்திருந்தார்கள். அப்படி ஜனங்கள் வைத்துவிட்டுப் போகும் பொருள்களைப் பூங்காத் துறை சேகரித்துப் பாதுகாக்கிறது. லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றனவாம். அந்தச் சுவரைக் கழுவித் துடைக்கவும் விடியற்காலையில் தொண்டர்கள் வருகிறார்கள். கட்டும்போது கொடுத்த ஜனங்கள் கட்டிய பிறகும் போய்விடவில்லை.

இப்போது நம் மூன்று சிக்கல்களுக்கு வருவோம்.

முதலில் பணம். அந்தச் சுவரின் கடைசி வாசகத்தில், இது அமெரிக்க மக்களின் தனிப்பட்ட நன்கொடைகளால் கட்டப்பட்டது என்று ஒரு குறிப்பு உண்டு. அவ்வளவுதான். கொடுத்த 2,75,000 பேரில் ஒருவர் பெயரும் சுவரில் கிடையாது. நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயிலில் ட்யூப்லைட் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' எழுதிவிடுவோம்! ட்யூப்லைட்டுக்கு அது பரவாயில்லை. உயிரைக் கொடுத்தவர் பெயருக்குக் கீழே செக்கைக் கொடுத்தவர் பெயர் வரலாமா? மேலே இருப்பவர் கொடுத்ததும் கீழே இருப்பவர் கொடுத்ததும் ஒரே கணக்கில் வந்துவிடாதா?

இன்னொன்றும் யோசியுங்கள். ராஸ் பெரோ மாதிரி பெரிய மனிதர் எதிர்த்தும் சுவர் ஏன் நின்றது? பணம் ஒருவர் பணம் அல்ல. லட்சக்கணக்கானவர் காசு என்பதால் யாராலும் "என் கல், நான் சொல்றபடி" என்று சொல்ல முடியவில்லை. ஒருவர் கொடுத்தால் மற்றவர் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் கொடுத்தால் எல்லோரும் துடைக்க வருவார்கள். நம் சீனியர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள். ஐயா, நீங்களும் எங்களில் ஒருவராக ஒரு பங்கு கொடுங்கள். மீதித் தொகையில் உங்கள் தகப்பனார் பெயரில், நம் கல்லூரி என்.சி.சி. மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்துங்கள். அந்தப் பெயர் அங்கே வாழும்.

இரண்டாவது, இலங்கைக்குப் போனவர். இதைப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசாமல் விட்டால் அது கல்லுக்கு அடியில் கிடந்து உறுத்தும். அந்தப் போரில் ஈழத்தமிழர் பட்ட துயரம் பெரிது, அதை யாரும் மறைக்க முடியாது. 1990 மார்ச்சில் படை திரும்பிச் சென்னையில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணமும் அந்தத் துயரம்தான். ஆனால் போரைத் தீர்மானித்தவர் வேறு, உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போனவர் வேறு. அங்கே உயிரிழந்த நம் படையினர் சுமார் 1,200 பேரின் பெயர்களைப் பொறித்து, கொழும்பை ஒட்டிய ஸ்ரீஜெயவர்த்தனபுர கோட்டையில் 2008-இல் நினைவிடம் எழுந்தது. 2019-இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. நம் வகுப்பில் உட்கார்ந்து படித்தவருக்கு நம் வாசலில் இடம் இல்லையா?

வாஷிங்டன் சுவர் போரைப் புகழவில்லை. அதை நியாயப்படுத்தவும் இல்லை. அந்தப் போரில் மாண்ட வியட்நாமியர் பல லட்சம் பேர், அவர்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை என்கிற குறையைச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானதே. ஒரு கல்லால் எல்லாத் துயரத்துக்கும் பதில் சொல்ல முடியாது. ஆனால் போர் வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அழ ஓர் இடம் அதனால் கிடைத்தது. அடைமொழி போடாமல் பெயரை மட்டும் எழுதியதால் வந்த பலன் அது. 'வீரமிகு', 'தியாகச் செம்மல்' என்று நாம் ஆரம்பித்தால், யாருக்கு எந்த அடைமொழி என்று அடுத்த சண்டை. பெயர் மட்டும் எழுதினால் சண்டைக்கு இடமே இல்லை.

மூன்றாவது, பனிச்சரிவு. அந்தச் சுவரில் இருப்பவர்களில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் குண்டுக்கு இறந்தவர்கள் அல்ல. விபத்து, நோய், விமானக் கோளாறு இவற்றால் போனவர்கள். தாய்க்கு வந்த தந்தி ஒன்றுதானே! போர் முடிந்து பல ஆண்டு கழித்து, போரில் தெளித்த நச்சு மருந்தாலும் மனக்காயத்தாலும் செத்தவர்களுக்குச் சுவரில் இடம் இல்லை என்றபோது, அவர்களுக்காக 2004-இல் பக்கத்திலேயே தனியாக ஒரு கல் பதித்தார்கள். விதியும் வேண்டும், விதிக்கு வெளியே நிற்பவரை நினைக்கும் மனசும் வேண்டும். பனிமலையில் காவலுக்கு நின்றவர் விடுமுறைக்குப் போனவர் அல்ல. வேலையில் இருக்கும்போது போனவர்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். உண்மையில் இது நமக்கு மிகவும் பழைய கதை. நடுகல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படி சொல்கிறது தொல்காப்பியம். கல்லைத் தேடிப் பார்ப்பது முதல் படி. அதாவது குவாரிக்குப் போவது! தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலைக் குறிக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவரும் சண்டை. செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசன் காலம், எந்த ஊர், எந்தச் சண்டை, செத்தவன் பெயர் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனும் கல்லில் பெயரோடு நிற்கிறான்.

அதற்கு நேர் எதிரான கல்லும் நம் நாட்டில் உண்டு. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசாங்கம் பல ஊர்களில் பலகைக் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் இல்லை. போனவன் யார், யார் மகன், ஒன்றும் தெரியாது. ஊர்க்காரன் வைத்தால் பெயர் வரும், சர்க்கார் கணக்கு எழுதினால் எண் வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். போன மாதம் இடம் அளப்பதற்காக நானும் இரண்டு நண்பர்களும் வளாகத்துக்கு வந்திருந்தோம். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் முன்னாள் ராணுவத்தினர். டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டே, எதற்கு அளக்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, நான் இங்க படிக்கலையே, நானும் ஏதாச்சும் குடுக்கலாங்களா?" என்றார். நான் வரவுப் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. "உங்க காசுதான்ணே முதல் வரவு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சீனியரின் செக்கை மட்டும் வாங்கியிருந்தால் அவர் கேள்விக்கு, "வேண்டாம்ணே, பணம் வந்தாச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் அதைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆகவே குழுவின் சார்பில் அல்ல, என் சொந்தப் பொறுப்பில் ஆறு யோசனைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

ஒன்று, தலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து வசூலிப்போம். யார் கொடுத்தாலும் வாங்குவோம், ஊழியர்கள் உட்பட. வரவு செலவு முழுவதையும் மலரில் அச்சிடுவோம். கல்லில் ஒருவர் பெயரும் வேண்டாம்.

இரண்டு, கல்லில் பெயரும் ஆண்டும் மட்டும். வரிசை மறைந்த நாள்படி. அடைமொழி, பதவி, போரைப் பற்றிய கருத்து எதுவும் கிடையாது.

மூன்று, பணியில் இருந்தபோது எந்த வகையில் இறந்திருந்தாலும் பெயர் வரும் என்று இப்போதே எழுதிவைப்போம். நாளைக்கு ஆளைப் பார்த்து விதி செய்ய வேண்டாம்.

நான்கு, வடிவத்தை இன்றைய மாணவர்களிடம் போட்டியாக விடுவோம். பெயர் இல்லாமல், எண் மட்டும். நம்மிடையே ஒரு 'பி' கிரேடுக்காரர் ஒளிந்திருக்கலாம்.

ஐந்து, கல்லில் கொஞ்சம் வெற்றிடம் விடுவோம். தேடக் கிடைக்காத பழைய பெயர் ஏதாவது கிடைக்கலாம். புதிய பெயர் எதுவும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வோம்.

ஆறு, உயிரோடு திரும்பி வந்து ஊரில் இருக்கும் நம் முன்னாள் ராணுவத்தினரை எண்ணிப் பட்டியல் எடுப்போம். திறப்பு விழாவில் மேடை அவர்களுக்கு, நாற்காலி போடும் வேலை நமக்கு.

கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பிலிருந்து சாம்ராஜ்நகர் கறுப்பு வரை, முகம் தெரியும் கல் நம்மைச் சுற்றியே இருக்கிறது. நல்ல பாளமாகப் பார்த்து, மயிரிழை விரிசல் இல்லாமல் தட்டிப் பார்த்து எடுத்துவருவது என் பொறுப்பு. அறுப்புக் கூலியும் இழைப்புக் கூலியும் என் பங்காகப் போகட்டும், உச்சவரம்புக்கு உட்பட்டு!

பொருளாளர் பின்வரிசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் ரசீது வாசலில் இருப்பவர் பெயரில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. இரண்டாவது ரசீதிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.